முகவரி இல்லாதவர்களின் அண்டை வீட்டார்

வங்கியில் கணக்குத் தொடங்க வருகிறவரிடம் நாங்கள் கேட்கும் கேள்விகள் பல என்றாலும், அவற்றின் சாரம் இரண்டே. நீங்கள் யார்? எங்கே வசிக்கிறீர்கள்? பெரும்பாலான வாடிக்கையாளர்கள் இரண்டுக்கும் விடையாக ஓர் அட்டையை நீட்டிவிட்டு அடுத்த படிவத்துக்குப் போய்விடுவார்கள். கொல்கத்தாவில் பணியாற்றும் வங்கி அதிகாரிக்கோ இரண்டாவது கேள்வி கிளையின் வாசலிலேயே வேறு விதமாக எதிர்ப்படுகிறது. காலையில் இரும்புக் கதவை உயர்த்துவதற்கு முன்னால், அந்தப் படியில் இரவைக் கழித்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நம் படியில்தான். ஆனால் அதைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் ஏறக்குறைய 17.7 லட்சம் பேர். அவர்களுள் சுமார் 9.4 லட்சம் பேர் நகரங்களில் வாழ்பவர்கள். கொல்கத்தா மாநகரில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் இருந்தார்கள். கட்டடம் என்று சொல்லத்தக்க எதிலும் குடியிராமல் சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் கீழ், பெரிய சிமென்ட் குழாய், கோயில் மண்டபம், ரயில் நடைமேடை ஆகிய இடங்களில் வாழ்வோரே இந்தக் கணக்கில் வீடற்றவர்கள். மற்றவர்களை எண்ண மூன்று வாரங்கள் ஒதுக்கப்பட்டன. இவர்களை எண்ணக் கிடைத்தது ஒரே ஓர் இரவு, பிப்ரவரி 28. அன்றிரவு லாரியில் சரக்கு ஏற்றப் போயிருந்தவரும், அதிகாரியைக் கண்டு அஞ்சி இடம் மாறிப் படுத்தவரும் எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்க மாட்டார்கள். எனவே அந்த எண்ணை ஒரு கீழ் எல்லையாகக் கொள்வதே சரி.

இவர்கள் எல்லாரையும் பிச்சைக்காரர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். கணக்கு அறிந்தவர்கள் இவ்வழக்கத்தை ஏற்கக் கூடாது. பராபஜார் சந்தையில் மூட்டை சுமப்பவர், கைவண்டி தள்ளுபவர், கைரிக்‌ஷா இழுப்பவர், வீடுகளில் பாத்திரம் துலக்குபவர், பழைய காகிதம் பொறுக்குபவர் எனப் பலரும் நடைபாதையில்தான் உறங்குகிறார்கள். விடியற்காலையில் சரக்கு வந்து இறங்கும் இடத்துக்கு அருகில் இருந்தால்தான் வேலை கிடைக்கும். தொலைவில் அறை எடுத்தால் வாடகையும் பயணச் செலவும் கூலியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. எனவே அவர்கள் வாடகையைத் தவிர்த்துச் சேமிக்கிறார்கள். மழையும் கொசுவும் வாகனங்களும் அந்தச் சேமிப்புக்கு அவர்கள் கொடுக்கும் விலை. தலைமுறைகளாக ஒரே நடைபாதையில் பிறந்து வளரும் குடும்பங்களும் உண்டு. தெருக்குழாயில் வரும் சுத்திகரிக்கப்படாத ஹூக்ளி நீரில்தான் அவர்களின் குளியலும் துணி துவைத்தலும்.

இந்த இரு பிரிவினருக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு பிரிவு இருக்கிறது. மனநோயால் வீட்டைவிட்டு வெளியேறி, ஏதோ ஒரு ரயிலில் ஏறி, ஏதோ ஒரு நிலையத்தில் இறங்கி, பேசத் தெரியாத மொழியின் நடுவே ஒரு மூலையில் அமர்ந்துவிட்டவர்கள். கூலியும் இல்லை, குடும்பமும் இல்லை, பெயரும்கூட இல்லை. ‘பாகல்’ என்று ஒரு சொல். அதுவே அவர்களின் விலாசம். இக்கட்டுரை பெரும்பாலும் அவர்களைப் பற்றியும், அவர்களைக் கவனித்துக்கொள்ள முன்வந்த தெருக்காரர்களைப் பற்றியும்தான்.

கொல்கத்தாவில் ‘பாரா’ என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. நம் ஊர்ப் பேட்டைக்கு இணையானது. ஆனால் அதைவிட நெருக்கமானது. ஒவ்வொரு பாராவுக்கும் ஒரு மன்றம், ஒரு கேரம் பலகை, ஒரு துர்கா பூஜைக் குழு, மாலையில் கூடிப் பேச ஒரு திண்ணை இருக்கும். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது மறுநாள் காலை மீன் வாங்கும் இடத்தில் தெரிந்துவிடும். குளிர்காலம் வந்தால் இந்த மன்றங்கள் பல கம்பளி வழங்கும் விழா நடத்துகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் ஜனவரியில் ஒரே நாற்சந்திக்கு இரண்டு மன்றங்களின் கம்பளிகள் வந்து சேர்வதையும், ஜூலை மழையில் அதே நாற்சந்திக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்புக்கூட வராததையும் பார்த்திருக்கிறேன். விழா நடத்த வசதியான பருவமும் உதவி தேவைப்படும் பருவமும் ஒன்றாகவே அமைய வேண்டும் என்று யார் சொன்னது?

நகரத்துக்கு இதில் நீண்ட மரபு இருக்கிறது. 1952-இல் காளிகாட் கோயிலை ஒட்டிய யாத்ரிகர் விடுதியை மாநகராட்சி அளிக்க, தெருவில் சாகக் கிடந்தவர்களுக்காக அன்னை தெரசா அங்கே ‘நிர்மல் ஹிருதய்’ இல்லத்தைத் தொடங்கியது உலகறிந்த செய்தி. அந்த அளவுக்கு வெளியே தெரியாதது சியால்தா ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள லொரேட்டோ பள்ளியின் கதை. அதன் தலைமையாசிரியராக இருந்த சிஸ்டர் சிரில் மூனி, நிலையத்தைச் சுற்றி வாழ்ந்த சிறுவர் சிறுமியருக்காகப் பள்ளிக் கதவுகளைத் திறந்துவிட்டார். 1985 முதல், கட்டணம் செலுத்திப் படித்த மாணவியர் தங்கள் பாடவேளையில் ஒரு பகுதியை ஒதுக்கி, அந்தக் குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒருவராகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு பெண் குழந்தைகள் இரவில் தங்கவும் பள்ளிக் கட்டடத்திலேயே இடம் ஒதுக்கப்பட்டது. மாலை நான்கு மணிக்குமேல் பூட்டிக் கிடக்கும் கட்டடம் ஒரு பயன்படாத மூலதனம் என்பதை வணிகவியல் படித்த நாம் அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். வெளிநாட்டு வங்கி ஒன்றின் அதிகாரியாகக் கொல்கத்தாவுக்கு வந்த டிம் கிராண்டேஜ், ரயில் நிலையச் சிறுவர்களைத் தம் குடியிருப்பிலேயே தங்க வைக்கத் தொடங்கினார். 1987-இல் உருவான ‘ஃபியூச்சர் ஹோப்’ அமைப்பு அங்கிருந்து வளர்ந்ததே. கொல்கத்தாக் காவல்துறையும் ‘விக்ரம்சிலா’ என்ற கல்வி அமைப்பும் சேர்ந்து நடத்தும் ‘நபதிஷா’ திட்டத்தில், காவல் நிலைய வளாகங்களிலேயே தெருக் குழந்தைகளுக்கான வகுப்புகள் நடைபெறுகின்றன. போலீஸைக் கண்டால் ஓட வேண்டும் என்று கற்றிருந்த குழந்தை, பாடப்பையுடன் காவல் நிலையத்துக்குள் நடந்து போகிறது.

இவை எல்லாவற்றிலும் உள்ள ஒரு பொதுத்தன்மை, தெருவில் இருப்பவரை ஒரு கட்டடத்துக்குள் அழைத்துவருவது. 2007-இல் தொடங்கப்பட்ட ‘ஈஸ்வர் சங்கல்பா’ என்ற அமைப்பு இதற்கு மாறான வழியில் சிந்தித்தது. சமூக நலப் பணியாளர் சர்பானி தாஸ் ராய், உளநல மருத்துவர் கே. எல். நாராயணன் முதலியோர் அதை நிறுவியவர்கள். மனநோயுடன் தெருவில் வாழ்பவர்களுக்காக அவர்கள் வகுத்த திட்டத்தின் பெயர் ‘நயா தௌர்’. புதிய காலம் என்று பொருள்.

அதன் அடிப்படை மிக எளியது. தன்னைத் தானே கவனித்துக்கொள்ள இயலாத ஒருவர் ஒரே தெருமுனையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கிறார் என்றால், யாரோ அவருக்குச் சோறு போடுகிறார்கள் என்றுதான் பொருள். அந்த யாரோ பெரும்பாலும் எதிரிலுள்ள தேநீர்க்கடைக்காரர், அல்லது சாலையோரச் சிற்றுண்டிக் கடை நடத்தும் பெண்மணி, செருப்புத் தைப்பவர், மருந்துக்கடை ஊழியர், அடுக்குமாடியின் காவலாளி. காலையில் முதல் கொதி இறக்கியதும் ஒரு மண்குவளைத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் அந்த மூலைக்குப் போகும். யாரும் கேட்டுக் கொடுப்பதில்லை. யாரும் கணக்கு வைப்பதும் இல்லை. இந்த உறவைப் பிடுங்கி எறிந்துவிட்டு நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, இந்த உறவையே சிகிச்சையின் தூணாக நாட்டினால் என்ன?

நடைமுறை இப்படி இருக்கிறது. களப்பணியாளர் ஒருவர் தெருத்தெருவாக நடந்து இத்தகையவர்களைக் கண்டறிகிறார். முதல் நாளே மருத்துவப் பேச்சு கிடையாது. பக்கத்தில் உட்கார்கிறார், தேநீர் வாங்கித் தருகிறார், மறுநாளும் வருகிறார். சிலர் கல்லெறிவார்கள், சிலர் திரும்பியே பார்க்கமாட்டார்கள். ஒரு பெயர் வெளிவருவதற்கே வாரங்கள் ஆகலாம். நம்பிக்கை பிறந்த பின்பு மருத்துவர் அந்த நடைபாதைக்கே வருகிறார். அவர் இசைவு தந்தால் அங்கேயே சிகிச்சை தொடங்கும். இதற்கிடையில் தேநீர்க்கடைக்காரரிடம் பேசியிருப்பார்கள். மருந்தை வேளை தவறாமல் தருவது, சாப்பாட்டைக் கவனிப்பது, குளிக்கவும் துணி மாற்றவும் நினைவூட்டுவது, உடல்நிலையில் மாற்றம் தெரிந்தால் தகவல் சொல்வது என அவருக்குச் சில பொறுப்புகள் கிடைக்கின்றன. அவர் அந்த அமைப்பின் ஊழியர் அல்லர், தன்னார்வலர். நேற்றுவரை செய்ததை இன்று சற்று அறிந்து செய்கிறார், அவ்வளவுதான்.

மருந்து பாதி வேலையைச் செய்கிறது என்று வைத்துக்கொண்டால், மற்றப் பாதியைச் செய்வது தெரு. முடி வெட்டப்பட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஒருநாள் கடையின் குவளைகளை எடுத்துக் கொடுக்கத் தொடங்குகிறவரைத் தெரு வேறு கண்ணால் பார்க்கிறது. பையன்கள் சீண்டுவதை நிறுத்துகிறார்கள். கடைக்கு வருகிறவர் பெயர் கேட்கிறார். பெயர் கேட்கப்படுவது சிறிய செயலாகத் தோன்றலாம்; பத்தாண்டுகளாக யாரும் கேட்காதிருந்தவருக்கு அது சிறியதல்ல.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சமூகம் சார்ந்த மனநலச் சேவைகள் குறித்து ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த முன்மாதிரிகளுள் நயா தௌரும் அதில் ஒன்றாக இடம்பெற்றது. அதே வழிகாட்டியில் சென்னையின் ‘பானியன்’ அமைப்பு நடத்தும் ‘ஹோம் அகெய்ன்’ திட்டமும் இருப்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் தொடங்கியது பானியன். சென்னைத் தெருவில் தவித்த மனநோயாளியான ஒரு பெண்ணுக்கு எங்கும் இடம் கிடைக்காததே அதற்குத் தூண்டுதல். அவர்களின் ஹோம் அகெய்ன் முறையில், குணமடைந்தும் போக இடமில்லாத பெண்கள் சிலர் சேர்ந்து, சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடும்பம்போல் வாழ்கிறார்கள். கொல்கத்தா தெருவை வீடாக்கப் பார்த்தது. சென்னை வீட்டைத் தெருவுக்குள் கொண்டுபோய் வைத்தது. இரண்டிலும் அண்டை அயலார் இல்லாமல் எதுவும் நடக்காது.

இங்கே நியாயமான ஓர் ஐயம் எழும். தெருவிலேயே வைத்து மருத்துவம் பார்ப்பது, தெருவிலேயே கைவிடுவதற்கு ஓர் அழகான பெயர் அல்லவா? அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டிய கடமையைத் தேநீர்க்கடைக்காரர் தலையில் சுமத்தலாமா? எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டு முதல் பிறப்பித்த உத்தரவுகளும், பின்னர் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த நெறிகளும், ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில், நூறு பேர் தங்கக்கூடிய நிரந்தரத் தங்குமிடங்கள் வேண்டும் என்கின்றன. ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி. 2011 கணக்கெடுப்பின்படி கொல்கத்தாவின் மக்கள்தொகை சுமார் 45 லட்சம். 45 தங்குமிடங்கள் கட்டி முழுவதும் நிரப்பினாலும் 4,500 பேருக்குத்தான் இடம் கிடைக்கும். 70,000 எங்கே, 4,500 எங்கே? கட்டடங்கள் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவை எழும்வரையிலும், எழுந்த பின்னும், நடைபாதையில் இருப்பவர்களின் எண்ணிக்கை பெரிதாகவே இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெண்களின் நிலை வேறு. இரவில் தெருவில் தனித்திருக்கும் மனநலம் குன்றிய பெண்ணுக்கு நேரக்கூடியதை விவரிக்க வேண்டியதில்லை. தேநீர்க்கடை இரவில் மூடிவிடும்; அதன்பின் அவளுக்குக் காவல் யார்? ஈஸ்வர் சங்கல்பாவும் இதை உணர்ந்து, மாநகராட்சியின் துணையோடு சேத்லாவில் ‘சர்பரி’ என்ற மகளிர் தங்குமிடத்தை 2010-இல் திறந்தது. தென்னிந்தியர் கடைகள் நிறைந்த லேக் மார்க்கெட்டிலிருந்து ராஸ்பிகாரி அவென்யூ வழியே மேற்கே நடந்து, காளிகாட்டைத் தாண்டி ஆதி கங்கைப் பாலத்தைக் கடந்தால் சேத்லா. அங்குத் தங்கித் தேறிய பெண்கள் நடத்தும் ‘கிரஸ்ட் அண்ட் கோர்’ என்ற அடுமனையும் சேத்லாவில் உருவாயிற்று. ரொட்டியும் கேக்கும் செய்து விற்று அந்தப் பெண்கள் வருமானம் ஈட்டுகிறார்கள்.

வருமானம் என்றதும் வங்கிக்காரனுக்குத் தன் தொழில் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஈட்டும் பணத்தை எங்கே வைப்பது? நடைபாதையில் தலைக்கு அடியில் துணி மூட்டையில் வைத்த பணம் நிலைப்பதில்லை. மூத்த வாடிக்கையாளர்களுக்கு நினைவிருக்கும்; ஒரு காலத்தில் வங்கிக் கணக்குத் தொடங்க ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்திட வேண்டும். ‘இவரை எனக்குத் தெரியும்’ என்ற ஒரு மனிதரின் சொல்லே அன்று ஆவணம். இன்று அந்த இடத்தை அட்டைகள் பிடித்துக்கொண்டன. தெருவாழ் மனிதரிடம் இல்லாதது அட்டை. இருப்பதோ அவரைத் தெரிந்த ஒரு கடைக்காரர்.

ஆயினும் விதிகள் இவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை. பலரும் அறியாதது ‘சிறு கணக்கு’ என்னும் ஏற்பாடு. முறையான அடையாள ஆவணம் ஏதும் இல்லாதவர்கூட, தாமே சான்றளித்த ஒரு புகைப்படத்தைக் கொடுத்து, வங்கி அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்தோ கைரேகையோ இட்டு இக்கணக்கைத் தொடங்கலாம். இருப்பு எப்போதும் 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நிதியாண்டில் வரவு மொத்தம் ஒரு லட்சத்துக்குள், மாதத்தில் எடுப்பதும் மாற்றுவதும் 10,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முதலில் பன்னிரண்டு மாதங்களுக்குச் செல்லும். அதற்குள் ஏதேனும் ஓர் அடையாள ஆவணத்துக்கு விண்ணப்பித்திருப்பதைக் காட்டினால் மேலும் பன்னிரண்டு மாதம் நீட்டிக்கப்படும். மூட்டை சுமப்பவரின் வரவு செலவு இந்த வரம்புகளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆதாருக்கும் வழி உண்டு. அங்கீகாரம் பெற்ற தங்குமிடத்தின் பொறுப்பாளர் அளிக்கும் சான்றிதழை ஆவணமாக ஏற்கிறார்கள்.

கணக்கு இருந்தால் ‘பிரதமர் சுரக்‌ஷா பீமா யோஜனா’ என்ற விபத்துக் காப்பீட்டில் சேரலாம். 18 முதல் 70 வயது வரை, ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் உயிரிழந்தால் இரண்டு லட்சம். நள்ளிரவில் கட்டுப்பாடு இழந்த வாகனம் நடைபாதையில் ஏறும் செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். இந்தக் காப்பீடு யாருக்காவது மிக மிகப் பொருந்தும் என்றால் அது அங்கே உறங்குபவருக்குத்தான். ஆனால் அவரைச் சேர்க்கும்போது படிவத்தில் இன்னொரு கட்டம் வரும்: நியமனதாரர் பெயர், உறவுமுறை. குடும்பம் ஊரில் இருந்தால் கவலையில்லை. மனநோயால் வழிதவறி வந்தவர் அங்கே யார் பெயரைச் சொல்வார்?

குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது தனி ஒரு கலை. நோய் தணிந்ததும் நினைவுகள் துண்டுதுண்டாகத் திரும்பும். ஓர் ஆற்றின் பெயர், ஒரு சந்தை நாள், ஒரு சர்க்கரை ஆலை. மேற்கு வங்க ரேடியோ கிளப்பைச் சேர்ந்த ஹாம் வானொலி ஆர்வலர்கள் இவ்வகைத் துண்டுகளைக் கொண்டு தங்கள் தொடர்புகள் வழியாக ஊரைத் தேடிப் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். கங்காசாகர் மேளாவில் தொலைந்துபோனவர்கள் பலரை அவர்கள் வீட்டாரிடம் சேர்த்திருக்கிறார்கள். எனினும் எல்லா வீடுகளும் கதவைத் திறப்பதில்லை.

அதில் சட்டம் சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு. எங்கள் மேசைக்கும் அது வருவதுண்டு. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகளாக, அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்களே எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் இறந்ததாக அனுமானிக்கச் சாட்சியச் சட்டம் இடமளிக்கிறது. அதன் அடிப்படையில், காணாமல்போன வைப்புத்தாரரின் பணத்தை வாரிசுகளுக்கு வழங்கவும் வங்கிகளுக்கு நடைமுறை இருக்கிறது. நிலமும் பெயர் மாறிவிடலாம். சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. காத்திருக்கும் குடும்பமும் வாழ வேண்டுமே. ஆனால் எண்ணிப் பாருங்கள். பீகாரிலோ ஒடிசாவிலோ ஒரு வீட்டில் படத்துக்கு மாலை போட்டு, கணக்கை முடித்துவிட்டிருப்பார்கள். அதே மனிதர் கொல்கத்தாவின் ஒரு தெருமுனையில், எட்டாவது ஆண்டாக, காலைத் தேநீருக்காகக் காத்திருப்பார். அவர் உயிரோடு இருப்பதற்கு அந்தத் தேநீர்க்கடைக்காரரைத் தவிர உலகில் வேறு சாட்சி இல்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, காவல் நிலையத்துக்கு இதில் ஒரு பொறுப்பைத் தருகிறது. மனநோயுடன் அலைந்து திரிபவரைக் கண்டால் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வீடற்றவராகத் தெருவில் காணப்பட்டால் காணாமல்போனவர் என்ற வகையில் முதல் தகவல் அறிக்கையும் பதிய வேண்டும். எந்தக் காவல் நிலையத்தில் இப்படி ஓர் அறிக்கை பதிவாகிறதோ, அங்கே ஏழு ஆண்டுக் கணக்கு அறுபட ஒரு வாய்ப்புப் பிறக்கிறது. அதைக் கேட்டுப் பதியச் செய்யத் தெருக்காரர் எவராலும் முடியும்.

தேர்தல் ஆணையத்தின் விதி ஒன்று இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது. வீடற்றவர் வாக்காளராக விண்ணப்பித்தால் முகவரிச் சான்று கேட்கப்படுவதில்லை. அவர் எழுதிய இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கே உறங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஓர் இரவு போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வர வேண்டும். பார்த்து உறுதி செய்துவிட்டால் ‘இன்ன கடையின் எதிர் நடைபாதை’ என்பதே அவருடைய முகவரியாகப் பட்டியலில் ஏறும்.